கத்திரிக்கு முன்னாடி ஏசி சர்வீஸ்: வருஷா வருஷம் "கேஸ் கம்மி"ங்கிறாங்க, நம்பலாமா?

கால்வாய்க்கரை_வாசி:

மாசி முடியறதுக்குள்ளயே எங்க மாடி போர்ஷன் தோசைக்கல்லு மாதிரி காயுது, இனிமே பங்குனி சித்திரைன்னு இருக்கு, மே 4ஆம் தேதி வாக்குல கத்திரி வேற ஆரம்பிச்சுடும். போன வருஷம் கத்திரி நடுவுல ஏசி மக்கர் பண்ணி, மெக்கானிக்குக்கு போன் போட்டா "ஒரு வாரம் ஆகும் சார்"னுட்டாங்க, அந்த ஒரு வாரமும் அம்மா ஈரத்துண்டைப் போத்திக்கிட்டு ஹால்ல தரையில படுத்தாங்க. அதான் இந்த வாட்டி முன்னாடியே எல்லாத்தையும் பாத்து வெச்சுடலாம்னு கெளம்பியிருக்கேன்.

வீடு திருவான்மியூர், பக்கிங்காம் கால்வாய் பக்கம். ஏசி 2021ல வாங்கினது, 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், R32 கேஸ். என் பிரச்சனை என்னன்னா வருஷா வருஷம் சர்வீஸுக்கு வர்றவங்க (கம்பெனி பேர் வேணாம், மூணு வருஷமும் மூணு வேற ஆளுங்க) தண்ணி அடிச்சுக் கழுவிட்டு அவுட்டோர்ல மீட்டரை மாட்டி "சார் கேஸ் கம்மியா இருக்கு"ன்னு சொல்றாங்க. 2023ல டாப்-அப்னு 1800, 2024ல 2800, போன வருஷம் ஃபுல்லா போடணும்னு 3500. போட்டதும் நல்லா ஜில்லுனு இருக்கும், ஒரு ரெண்டு மூணு மாசம், அப்புறம் பழைய குருடி கதைதான். கேஸ்ங்கிறது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீருமா? இல்ல என்னை மொளகா அரைக்கிறாங்களா?

அப்படியே இன்னொன்னு, கரண்ட் கட்டுக்குன்னு வெச்ச வீட்டு இன்வெர்ட்டருக்கு 150 ஏஎச் ட்யூப்லர் பேட்டரி ஒண்ணு இருக்கு, 11 வருஷத்து ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கு, அதுக்கெல்லாம் வெயிலுக்கு முன்னாடி என்ன பண்ணணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெயில்_வேலூர்:

ப்ரோ எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேரு வீட்ல பிரச்சனையே ஃபில்டர்தான். முன்னாடி மூடியைத் தூக்குனா ரெண்டு வலை இருக்கும், அதை உருவி குழாயடியில காட்டி நிழல்ல காயவெச்சு மாட்டுங்க, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. இதுக்கு எவனும் வரவேணாம், காசும் வேணாம். நான் ஒரு தடவை ஆறு மாசம் கழிச்சு எடுத்தேன், பழைய கம்பளி மாதிரி வந்துச்சு.

மதுரை_ஏசி_மெக்கானிக்:

அண்ணே நான் இதே தொழில்தான், 16 வருஷமா பாக்குறேன். சொன்னா எங்க ஆளுங்களுக்கே கோவம் வரும், பரவால்ல.

கேஸ் பெட்ரோல் கிடையாதுண்ணே. அது மூடுன பைப்புக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கிற சாமான், எரியுறதும் இல்ல தேயுறதும் இல்ல. பத்து வருஷம் ஆனாலும் போட்டது போட்டபடி இருக்கணும். கொறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம், ஓட்டையைப் பாக்காம கேஸ் மட்டும் போடுறது அடி ஒழுகுற குடத்துல தண்ணி புடிக்கிற கதை. உங்க விஷயத்துல ரெண்டே ரெண்டுதான் இருக்க முடியும், ஒண்ணு நெசமாவே லீக் இருக்கு, வந்த மூணு பேரும் தேடல. இல்ல கேஸ் சரியாத்தான் இருந்துச்சு, சும்மா சொல்லிருக்காங்க. ஆனா போட்டப்ப கூலிங் ஏறுச்சு, ரெண்டு மூணு மாசத்துல இறங்கிருச்சுன்னு சொல்றீங்கள்ல, அதனால எனக்கு லீக்குதான்னு படுது.

மீட்டரைக் காட்டி பயமுறுத்துறதுலயும் ஒரு சங்கதி இருக்கு. பழைய R22 கேஸ் மெஷின்ல, கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்புற சக்‌ஷன் பக்கம் ப்ரஷர் 60, 70 psi நின்னா சரி. R32ல 120, 130ன்னு நிக்கும். அதும் இன்வெர்ட்டர் மெஷின்ல கம்ப்ரஸர் ஸ்பீடு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், முள்ளும் கூடவே ஏறி இறங்கும், அதனால ஒரு நொடி முள்ளைக் காட்டி "பாத்தீங்களா சார்"ன்னா நம்பாதீங்க. ஆள் வர்றதுக்கு முன்னாடியே நீங்களே ஒரு சோதனை பண்ணலாம்: கதவை சாத்தி 18ல வெச்சு ஒரு இருவது நிமிஷம் ஓட விட்டுட்டு, ஒரு தெர்மாமீட்டரை இன்டோர் மேல காத்து இழுக்குற எடத்துல வெச்சுப் பாருங்க, அப்புறம் கீழ காத்து வர்ற வாயில வெச்சுப் பாருங்க. 8லருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்துச்சுன்னா மெஷின் நல்லாருக்கு. நாலு அஞ்சுதான் இருக்குன்னா எங்கயோ கோளாறு. அப்ப வெளிய போயி அவுட்டோர்ல ரெண்டு பைப்பு போகும்ல, சின்ன பைப்புல மட்டும் பனி கட்டி வெள்ளையா நின்னா பெரும்பாலும் கேஸ் கொறைச்சல். உள்ள காயிலும் பெரிய பைப்பும் சேந்து பனி புடிச்சா மொதல்ல ஃபில்டர், ப்ளோயர் அழுக்கைத்தான் பாக்கணும், அங்க கேஸைக் குறை சொல்றது தப்பு.

ஆள் வந்தா வாயைத் தொறந்து கேளுங்க. லீக் எங்கன்னு காட்டுங்கன்னு கேளுங்க. நட்டு போட்ட எடத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கேஸு கசியும்போது கம்ப்ரஸர் ஆயிலும் கூடவே கசியும், அதுல தூசி ஒட்டி கருப்பா நிக்கும். அதுல தெரியலன்னா நைட்ரஜன் ஏத்தி, பாத்திரம் வெளக்குற சோப்பை நுரைச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா தடவணும், முட்டை விட்டுச்சுன்னா அங்கதான். முள்ளு ஒரு மணி நேரம் அசையாம நிக்கணும். அப்புறம் வேக்கம் பம்பு போட்டு உள்ள இருக்கிற காத்து, ஈரம் எல்லாம் உறிஞ்சணும், குறைஞ்சது அரை மணி நேரம், "கேஸை வெச்சே காத்தைத் தள்ளிரலாம் சார்"னு சொன்னா அவரைக் காபி குடுத்து அனுப்பிருங்க. கடைசியா சிலிண்டரைத் தராசுல வெச்சு எடை பாத்து ஏத்தணும். அவுட்டோர் பக்கவாட்டுல ஸ்டிக்கர்ல R32 இத்தனை கிலோன்னு போட்டிருக்கும், அம்புட்டுதான், அதுக்கு மேலயும் வேணாம் கீழயும் வேணாம். தராசு இல்லாம வர்றவருட்ட கேஸ் போடாதீங்க, அம்புட்டுதேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், கால்வாய் பக்கம்னு சொல்றீங்க. சாக்கடையில இருந்து அழுகுன முட்டை நாத்தம் வருதுல்ல, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் தாமிரத்துக்கும் ஆகவே ஆகாது. இன்டோர் காயில் தாமிர வளைவெல்லாம் கருத்துப் போய் ஊசி முனை ஓட்டை விழும். மெட்ராஸ்ல இருக்குற என் மச்சான் இதே வேலைதான், கூவம் பக்கத்து வீடுகள்ல ரொம்பப் பாக்குறேன்னு சொல்வான். நட்டை மட்டும் பாத்துட்டு விட்ராதீங்க.

அடையாறு_அக்கா:

தம்பி, மெக்கானிக் அண்ணன் ஏசியைப் பிரிச்சு மேஞ்சுட்டாரு, நான் ஃப்ரிட்ஜுக்கு வரேன். உன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி, கம்ப்ரஸருக்கு மேல ஒரு ப்ளாஸ்டிக் ட்ரே இருக்கும், உருகுற தண்ணி வந்து விழுறதுக்கு. பதினோரு வருஷத்துல அதை ஒரு தடவையாவது பாத்திருக்கியா? கார்ப்பரேஷன்ல இருந்து டெங்கு செக்கிங் வர்றவங்க நேரா அங்கதான் டார்ச் அடிப்பாங்க. எங்க வீட்ல போன ஐப்பசியில வந்த அந்தப் பொண்ணு ட்ரேயை உருவி என் மூஞ்சிக்கு நேரா காட்டிச்சு, உள்ள புழு நெளியுது, தலைகீழா தொங்கிக்கிட்டு. நான் டெய்லி வீடு தொடைக்கிறவ, எனக்கு அப்படியே அவமானமாப் போச்சு. தண்ணியக் கொட்டினா மட்டும் பத்தாதுன்னு சொல்லிச்சு, அந்த கொசு முட்டையை ஓரத்துல ஒட்ட வெச்சிருமாம், காஞ்சு போயும் மாசக்கணக்குல உசிரோட இருக்குமாம், மறுபடி தண்ணி பட்டா பொரிஞ்சிரும். அதனால நாரு போட்டு ஓரமெல்லாம் தேய்க்கணும். முட்டையில இருந்து கொசுவா பறக்க ஏழெட்டு நாள்தான், வாரம் ஒரு தடவை தேச்சா போதும். மழைக்காலத்துக்குன்னு இல்ல, வெயில்லயும் ட்ரேல தண்ணி நிக்கத்தான் செய்யும்.

அப்புறம் கதவு ரப்பர். ஒரு ரூவா நோட்டு இல்லன்னா பேப்பரை நடுவுல வெச்சு கதவைச் சாத்தி இழுத்துப் பாரு, வழுக்கிக்கிட்டு வந்துச்சுன்னா ரப்பர் போச்சு. மாத்துறதுக்கு முன்னாடி வெதுவெதுன்னு சோப்புத் தண்ணியில தொடைச்சுப் பாரு, பாதி நேரம் அதுல ஒட்டின பால் பிசுக்கு, ஊறுகா எண்ணெய்தான் காரணம். காய்கறி டப்பாக்கு அடியில தண்ணி தேங்குதுன்னா உள்பக்கம் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல கொத்தமல்லி இலை அடைச்சிருக்கும், கம்பியைக் கிம்பியைக் குத்திடாத, சிரிஞ்சுல வெந்நி அடிச்சா போதும். செவுத்தோட ஒட்டி நிக்குதுன்னா கொஞ்சம் முன்னாடி இழுத்து விடு, அதுக்கும் மூச்சு விட எடம் வேணாமா.

கால்வாய்க்கரை_வாசி:

அண்ணே, அக்கா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு தங்கச்சி கேக் பண்றதுக்கு வாங்கினது இருந்துச்சு, மேல 29, கீழ 24, ஆக 5தான். சின்ன பைப்புல லேசா பனி இருக்கு. மீட்டர் வேண்டியதே இல்ல போல. ட்ரேயை இன்னும் பாக்கல, பயமா இருக்கு.

பேட்டரி பத்தி யாரும் சொல்லலையே? மிதவை மூணுல செவப்பு தெரியுது. பக்கத்து வீட்டு மாமா ஏசில இருந்து சொட்டுற தண்ணியைப் புடிச்சு ஊத்து, அதுவும் ஆவி தண்ணியாகி வர்றதுதானே, டிஸ்டில்ட் வாட்டர் எதுக்கு காசு குடுத்து வாங்குறேன்னு கேக்குறாரு. லாஜிக் சரியாத்தானே இருக்கு?

இன்வெர்ட்டர்_இளங்கோ:

நான் அஞ்சு வருஷமா ஏசி தண்ணிதான் ஊத்துறேன். பேட்டரி நல்லாதான் ஓடுது. சும்மா பயமுறுத்துவாங்க.

மதுரை_ஏசி_மெக்கானிக்:

இளங்கோ தம்பி, ஓடும், யாரு இல்லன்னா. ஆனா அந்தத் தண்ணி எந்த வழியா வருதுன்னு பாருங்க. காயில் மேல படிஞ்ச தூசி, அலுமினியத் தகடு, தாமிரம், அப்புறம் ட்ரெய்ன் பைப்புக்குள்ள பச்சையா பாசி மாதிரி கொழகொழன்னு ஒண்ணு இருக்கும், அத்தனையையும் கழுவிக்கிட்டுத்தான் சொட்டுது. ஆவியா இருந்தப்ப சுத்தம்தான், சொட்டுறப்ப இல்ல. கேன் தண்ணி, ஆர்ஓ தண்ணியும் அதே மாதிரிதான், ஆர்ஓ தண்ணியில உப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பத்தாயிரத்துக்கு மேல குடுத்து பேட்டரி வாங்கிட்டு அஞ்சு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர்ல மிச்சம் புடிக்கிறதுல என்னத்த இருக்கு?

கால்வாய்க்கரை அண்ணே, மிதவையில பச்சைக் கோடு வர்ற வரைக்கும்தான் ஊத்தணும், வாய் வரைக்கும் ரொப்பாதீங்க, சார்ஜ் ஏறும்போது பொங்கி வெளிய வழிஞ்சு டெர்மினல் எல்லாம் அரிச்சிரும். ஆசிட் மட்டும் யாரு சொன்னாலும் ஊத்தாதீங்க, கொறையுறது தண்ணிதான், ஆசிட் உள்ளயே இருக்கும். வெயில் காலத்துல மூணு மாசம்னு விடாம ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி வயரைக் கழட்டிட்டு, சமையல் சோடாவை வெந்நீர்ல கரைச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க, மூடிக்குள்ள அந்தத் தண்ணி எறங்காம பாத்துக்கங்க. காயவெச்சு இறுக்கி முடுக்கிட்டு மேல வாசலைன் தடவிருங்க. கழட்டுறப்ப மைனஸை மொதல்ல, மாட்டுறப்ப மைனஸைக் கடைசியா. மோதிரம் போட்டிருந்தா கழட்டி வெச்சுருங்க.

இன்வெர்ட்டர்_இளங்கோ:

சரி அண்ணே, அடுத்த தடவை வாங்கிப் பாக்குறேன். பைப்புல பாசி இருக்கிறது உண்மைதான், போன வாரம்தான் அடைச்சு செவுத்துல ஒழுகுச்சு.

நெல்லைக்காரன்:

எல்லாரும் மெஷினையே பாக்கிய, எர்த்தைப் பத்தி யாருமே பேசலையே. வெயில் காலத்துல மண்ணு காஞ்சு போச்சுன்னா எர்த் சரியா வேலை செய்யாது பாத்துக்கிடுங்க. எங்க வீட்ல ஃப்ரிட்ஜைத் தொட்டா சுருக்குன்னு இருக்கும், செருப்பு போட்டா ஒண்ணும் தெரியாது, எங்க ஆச்சி "வாயுப் பிடிப்பு"ன்னுட்டு தைலம் தேச்சிக்கிட்டு கெடந்தாவ. எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு பின்னாடி எர்த் குழியில நாலு கொடம் தண்ணி ஊத்துன்னாரு, ஊத்தினேன், அன்னிக்கே குறைஞ்சிட்டு. அப்புறம் குழியைத் தோண்டி கரியும் உப்பும் புதுசா போட்டுக்குடுத்தாரு. சித்திரை வைகாசில வாரத்துக்கு ஒரு தடவை குழியில ரெண்டு கொடம் ஊத்துதேன். மெயின் போர்டுல, கரண்ட் கசிஞ்சா உடனே சப்ளையை வெட்டுறதுக்கு ஆர்சிசிபின்னு ஒண்ணு இருக்கும், 30 மில்லி ஆம்ப்னு போட்டிருக்கும், அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அதை மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாக்கணும், டப்புன்னு விழணும். விழலன்னா அது இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்பார்ட்மென்ட்ல இருக்கவுக செக்ரட்டரிக்கிட்ட எர்த் குழி எங்க இருக்குன்னு கேளுங்க, பாதிப் பேருக்குத் தெரியாது, மேல கார் நிக்கும்.

500_யூனிட்:

ஏசி கூலிங் இல்லன்னு 18ல வெச்சு ராத்திரி பூரா ஓட்டுறவங்க கரண்ட் பில்லையும் பாத்துக்கோங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டிட்டா மேல உள்ளதுக்கு மட்டும் ரேட் ஏறும்னு பலபேரு நெனைக்கிறாங்க, கீழ உள்ள ஸ்லாபும் சேத்து ஏறிடும். 499க்கும் 501க்கும் ரெண்டு யூனிட்தான் வித்தியாசம், பில்லுல வலிக்கும். நான் மீட்டர் பெட்டியில வாரா வாரம் ரீடிங் போட்டோ எடுத்து வெச்சுக்கிறேன், வீட்ல என்னைப் பைத்தியம்ங்கிறாங்க. 2020ல இருந்து வர்ற ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24லதான் ஆரம்பிக்கணும்னு ரூல் வந்திருக்கு, அந்த 24லயே விட்டுட்டு ஃபேனை ரெண்டுல போட்டுப் பாருங்க, சென்னை புழுக்கத்துக்கு அதுவே போதும்.

கால்வாய்க்கரை_வாசி:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், ஆபீஸ்ல ஆடிட்.

மதுரை அண்ணன் மச்சானைக் கேக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு பெரியவரைச் சொன்னாங்க, அறுவது வயசு இருக்கும், டிவிஎஸ் 50ல தராசு, நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்பு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வந்தாரு. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே "தம்பி லீக் பாக்காம நான் கேஸ் போடமாட்டேன், நேரம் ஆகும், பரவால்லையா"ன்னாரு, எனக்கு அவரைக் கட்டிப்புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

நட்டு ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. இன்டோரைக் கழட்டிக் கீழ எறக்கி ஹால்ல பேப்பர் விரிச்சு வெச்சு, நைட்ரஜன் ஏத்தி, எங்க வீட்டு பாத்திரம் வெளக்குற லிக்விடையே பிரஷ்ஷுல தொட்டுத் தொட்டுத் தடவினாரு. காயிலோட பக்கவாட்டுல ஹேர்பின் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அது தாமிர நெறமே இல்ல, அடுப்புக்கரி மாதிரி இருந்துச்சு. கீழ இருந்து மூணாவது வளைவுல கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் கடுகு சைஸ்ல ஒரு முட்டை, வெடிக்குது, திரும்ப அதே எடத்துல இன்னொண்ணு. "இந்தா பாரு, இதுதான் உன் மூணு வருஷத்துக் காசு"ன்னாரு. அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து குந்தி பாத்தாங்க.

பத்த வெச்சு அடைச்சுடலாமான்னு கேட்டேன். அடைக்கலாம், ஆனா கருத்துப் போன காயில்ல இன்னிக்கு இங்க அடைச்சா ஆறு மாசத்துல பக்கத்து வளைவுல விடும், முடிவு உன்னுதுன்னுட்டாரு. வேற காயில், கோட்டிங் போட்டது, வேலைக்கூலி, கேஸ் எல்லாம் சேத்து 11,500 ஆச்சு. ஸ்டிக்கர்ல 0.78 போட்டிருந்துச்சு, தராசுல 780 கிராம் எறங்கினதும் வால்வை மூடினாரு. இப்ப மேல 29, கீழ 18. கணக்குப் போட்டுப் பாத்தேன், மூணு வருஷமா காத்துல விட்டது 8100, மொதல் வருஷமே இதைப் பண்ணியிருந்தா மிச்சம்தான், சரி விடுங்க.

வெளி மெஷினை அவர் கழுவினப்ப ஒண்ணு கவனிச்சேன், ஜெட் அடிக்கிறதுக்கு முன்னாடி சர்க்யூட் போர்டு இருக்கிற எடத்துல பாலிதீன் கவரைச் சுத்தி டேப் ஒட்டினாரு, போன தடவைங்க யாரும் பண்ணல. கடல் காத்துல உப்பு படியும், மாசம் ஒரு தடவை மெயின் போர்டுல ஏசிக்கு உள்ள எம்சிபி ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு சாதா பைப்புத் தண்ணியிலயே தகடுங்க மேல மெதுவா விட்டா போதும், ஃபோர்ஸா அடிச்சா தகடு மடங்கிடும்னு சொல்லிட்டுப் போனாரு.

மதுரை_ஏசி_மெக்கானிக்:

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கண்ணே. பழைய காயிலைத் தூக்கிப் போட்றாதீங்க, தாமிரம் அலுமினியம் ரெண்டும் இருக்கு, பழைய இரும்புக் கடையில நல்ல காசு வரும்.

அடையாறு_அக்கா:

அதெல்லாம் இருக்கட்டும், ட்ரேயைப் பாத்தியா இல்லையா?

கால்வாய்க்கரை_வாசி:

பாத்தேன்க்கா. புழு இல்ல. ஆனா ஒரு செத்த பல்லி, ரெண்டு பேட்டரி செல்லு, அப்புறம் 2017ல காணாமப் போன அம்மாவோட வெள்ளி மெட்டி ஒண்ணு. அது எப்படி அங்க போச்சுன்னு வீட்ல இன்னும் விசாரணை ஓடிக்கிட்டிருக்கு.